எண்பதுக்கு மேல்

மகளுக்கு முதல் முடி இறக்கத் திருமலைக்குப் போன நாளில், காரில் எந்த நேரத்தில் எவ்வளவு சார்ஜ் இருந்தது என்று இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். திருப்பதியில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நூறு. மலையடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடியில் தொண்ணூற்றேழு. மலை ஏறி முடித்து மேலே வண்டியை நிறுத்தியபோது எழுபது. தலையில் முதன்முதலாகக் கத்தி பட்டபோது குழந்தை அழுதாளா என்று கேட்டால் மட்டும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நாள் எனக்குள் அப்படித்தான் பதிந்திருக்கிறது.

இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சித்தூரில் ஒரு ஜூனியர் காலேஜில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கணவருக்கு ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. திருத்தணிப் பக்கத்துக்காரர். அவருக்குக் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்துவிடும். தினமும் சித்தூர் போய்வர வேண்டியவள் நான்தான். அதற்காகவே இந்தச் சின்ன எலக்ட்ரிக் காரை வாங்கினோம். வீட்டுக்காரர் கீழே ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். இரவு மாட்டினால் காலையில் ஏறியிருக்கும். போனுக்குச் சார்ஜ் போடுவதைப் போல நினைத்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததில்லை.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அங்கே ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, கிரைண்டர் பிளக்கில் காரை மாட்டினோம்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. நைனா, என் அப்பா, கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு முதல் பல்பு வந்தது. அன்றிலிருந்து, படுப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் சுவிட்ச் அத்தனையையும் ஒருவர் அணைத்துவிட்டு வர வேண்டும். அந்த வேலை சின்ன வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போய் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, ஆச்சு நைனா என்று சொல்வேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் கண்ணை மூடுவார். இப்போது அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, டிவி இருக்கிறது, சொந்தமாக ஒன்றரை ஏக்கர் நிலத்துக்கு மோட்டாரும் இருக்கிறது. ஆனாலும் பிறந்த வீட்டுக்குப் போனால் என் கைக்கு மட்டும் பழைய வயது திரும்பிவிடுகிறது. அன்று படுக்கப் போகும்போது நான்தான் சுவரைத் தடவிக்கொண்டு போயிருக்கிறேன். கிரைண்டர் சுவிட்சை அணைத்ததும் நான்தான். அணைத்த ஞாபகமே எனக்கு இல்லை.

காலையில் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. பால் கலக்கிக்கொண்டு வருவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஒரு நிமிஷமா இரண்டு நிமிஷமா தெரியாது. நகரி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் நின்றுவிட்டது. அங்கே இருந்த டாக்டர் மருந்து கொடுத்து, பயப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் இன்றைக்கே திருப்பதியில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். பதினான்கு. முந்தின நாள் நான் மாட்டியபோதும் ஏறக்குறைய அதுதான்.

பவர்லூமுக்கு நூல் ஏற்றிப்போகும் ஆட்டோ ஒன்றை நைனா பேசிக் கூட்டிவந்தார். நூல் மூட்டைகளுக்கு நடுவில் குழந்தையை மடியில் ஒருக்களித்துப் போட்டுக்கொண்டு, புத்தூர் தாண்டி, வடமாலைப்பேட்டை தாண்டித் திருப்பதி வந்து சேர்ந்தேன். வழி நெடுக அவள் மூக்குக்குக் கீழே என் விரல் இருந்தது.

திருப்பதி டாக்டர் பொறுமையானவர். சின்னக் குழந்தைகளுக்கு ஜுரத்தோடு இப்படி வருவது உண்டு, வளர வளரப் போய்விடும் என்றார். மறுபடியும் வரலாம். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் எங்கே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்றார். அவர் சொன்ன ஆறுதல் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. 'எங்கே இருந்தாலும் உடனே' என்பது மட்டும் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் கார் எப்போதும் நூறில்தான் நின்றது. எண்பது போதும், பேட்டரிக்கும் அதுதான் நல்லது என்று வாங்கிய இடத்திலேயே சொல்லியிருந்தார்கள். கணவரும் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. கடைக்குப் போய்வந்து தொண்ணூற்றெட்டு ஆனாலும் மறுபடி மாட்டிவிடுவேன். இரவில் எழுந்து பால் கொடுக்கும்போது போனில் அந்த எண்ணைப் பார்ப்பேன். நூறு என்று இருந்தால்தான் தூக்கம் வரும்.

வலிப்பு வந்ததைக் கேள்விப்பட்ட அன்றே கணவர் வேண்டிக்கொண்டார், அலிபிரியிலிருந்து படியேறி வந்து குழந்தைக்கு முடி கொடுப்பதாக. பதினோராம் மாதம் மார்கழியில் வந்தது. அவர் விடிவதற்கு முன்னாலேயே படியேறப் போய்விட்டார். விடிந்த பிறகு நான் குழந்தையைப் பின் சீட்டில் கட்டிவைத்துக்கொண்டு காரில் கிளம்பினேன். முடி இறக்கிய தலையோடு நேராகத் தாய்வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். மலையிலிருந்து இறங்கி அப்படியே நகரிக்குப் போவதாகத் திட்டம். ஆனால் கிளம்பும் நேரத்தில் நைனா போன் செய்தார். இரண்டு நாள் மழையில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டதாம். "கரெண்டு நேத்துலருந்து இல்லமா. எப்ப வரும்னு சொல்ல மாட்டறாங்க. வண்டிய நல்லா ஏத்திக்கினு வா" என்றார்.

நூறு இருந்தது, அதனால் கிளம்பினேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று குறைந்தது. சித்தூர் ரோட்டில் அரை நாளுக்கு வரும் சார்ஜ், ஒரு மணி நேரத்துக்குள் கண்ணெதிரே இறங்கியது. மேலே போய் எழுபதைப் பார்த்தபோது, ஏதோ ஓட்டை வழியாக ஒழுகிப்போனதைப் போல இருந்தது.

மேலே மார்கழிக் குளிர். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. மரங்களுக்கு நடுவில் மூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. படியேறி வந்த கணவர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டினார். முடி இறக்கி, தலைக்குச் சந்தனம் பூசி, கைக்குழந்தைக்காரர்கள் வரிசையில் போய்த் தரிசனம் முடித்து, லட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது இரண்டு மணி. கம்பளிக் குல்லாய் சந்தனத்தில் வழுக்கி வழுக்கி நழுவியது. அவள் அதைப் பிடுங்கிப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் இரண்டு சார்ஜர்கள் இருந்தன. ஒன்றை பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டியிருந்தார்கள். இன்னொன்று காலியாக இருந்தது. கணவர் எதற்கு என்று கேட்டார். எழுபதில் நகரி போய்ச் சேரலாம், இறங்கும்போது கொஞ்சம் கூடவும் செய்யும், அப்படியும் பயமாக இருந்தால் கீழே திருப்பதியில் போட்டுக்கொள்ளலாம் என்றார். எல்லாம் சரிதான். கீழே சார்ஜரில் வரிசை இருந்தால், அம்மா வீட்டில் நாளைக்கும் கரெண்ட் வராவிட்டால், அங்கே குழந்தைக்கு ஏதாவது ஆனால் என்று நான் அடுக்கினேன். அடுக்கிக்கொண்டே மாட்டிவிட்டேன்.

எண்பது வரைக்கும் சீக்கிரம் ஏறியது. அதற்குள் எங்களுக்குப் பின்னால் ஒரு எலக்ட்ரிக் டாக்சி வந்து நின்றது. என் வயதுதான் இருக்கும் அந்த டிரைவருக்கு. தெலுங்குக்காரர், தமிழ்நாட்டு பக்தர்களை ஏற்றி ஏற்றித் தமிழ் பேசப் பழகியவர். ஜன்னலைத் தட்டினார்.

"மேடம், எய்ட்டி ஆயிடுச்சு. போதும். எறங்கறதுக்கு சார்ஜ் எதுக்கு? எறங்க எறங்க அதுவே ஏத்திக்கும்."

"நாங்க நகரி வரைக்கும் போகணும்ங்க. அங்க கரெண்ட் இல்ல."

"நகரிக்கு ரெண்டு தடவ போயிட்டு வரலாம் மேடம் இதுல."

கணவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இவருக்குச் சார்ஜர் வேண்டும், அதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினேன்.

எண்பதுக்கு மேல் கொஞ்ச நேரம் என்று ஒன்று கிடையாது. ஒன்று ஏறுவதற்கு மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். தெரிந்ததுதான், ஆனால் வீட்டில் தூங்கும்போது அது தெரியாது. குழந்தை பின் சீட்டில் அவர் மடியில் இருந்தாள். கண்ணாடி உள்பக்கம் பனித்துக்கொண்டது.

"ஹீட்டர் போடேன். புள்ள தல ஜில்லுனு கீது" என்றார் அவர்.

முன்பே ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தேன். போட்டவுடன் திரையில் மீதி நேரம் பத்து நிமிஷம் கூடியது. அதனால் அணைத்திருந்தேன். போட்டால் இன்னும் நேரமாகும் என்று சொல்லி, என் துப்பட்டாவை மடித்து அவள் தலையில் சுற்றினேன். இரண்டாவது தடவை அவர் கேட்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் அவள் கழுத்தில் கை வைத்தேன். சூடு. தெர்மாமீட்டர் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். நூறைத் தொட்டிருந்தது. ஜுரத்துக்கான சொட்டு மருந்து கொடுத்தேன். கிளம்பிடலாம் என்றார் அவர். அந்த நேரத்தில் என் புத்தி எப்படி வேலை செய்தது என்று இன்று நினைத்தாலும் விளங்கவில்லை. ஜுரம் என்றால் ஓட வேண்டும். ஓட வேண்டும் என்றால் சார்ஜ் வேண்டும். "இன்னும் ஒம்போதுதாங்க. இவ்ளோ நேரம் இருந்துட்டு இப்ப எதுக்கு விடணும்" என்றேன்.

நூறு வந்ததும் நான் பிளக்கைக் கழற்ற, டாக்சி டிரைவர் தன் வண்டியை நகர்த்திக்கொண்டு வந்தார். "ஃபுல் பண்ட்டீங்களா? மெல்லமா போங்க மேடம், பிரேக்கு பாத்துக்கினு" என்றார். குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இறங்கும் சாலையின் தொடக்கத்தில் நேரம் போட்ட சீட்டு ஒன்று கொடுத்தார்கள். கீழே குறித்த நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் வேகமாக ஓட்டியதாக அபராதம். அதனால் நிறையப் பேர் கடைசி வளைவில் வண்டியை ஓரம் கட்டி, டீ குடித்துவிட்டுப் போவதுண்டு. கணவருக்குக் கால் மடங்கவில்லை. நான்தான் ஓட்டினேன். குழந்தை பின்னால் அவளுடைய சீட்டில், அவர் பக்கத்தில்.

எங்கள் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகப் பிடித்து நிற்கப் பார்க்கும். அந்த இழுவையில்தான் பேட்டரிக்குச் சார்ஜ் திரும்பிப் போகிறது. சித்தூர் ரோட்டில் நான் பிரேக்கை மிதிப்பதே அபூர்வம். முதல் கொண்டை ஊசி வளைவு வந்தபோது வழக்கம்போலக் காலை எடுத்தேன். வண்டி பிடிக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளுவதைப் போல உருண்டது. திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு சின்ன அடையாளம் எரிந்தது. அதைக் காலையில் வீட்டு வாசலிலும் பார்த்திருக்கிறேன். சமதரையில் அது ஒன்றும் செய்யாது, அதனால் அர்த்தம் கேட்டதில்லை.

பிரேக்கை மிதித்தேன். வளைந்தேன். அடுத்தது. மறுபடி மிதித்தேன். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இடுப்பளவு சுவர், சுவருக்கு அப்பால் வெள்ளை மூட்டம். சுவர் மேல் ஒரு குரங்குக் கூட்டம் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது.

"ரெண்டாவது கியர்ல போட்டு இறக்கு" என்றார் கணவர். சொன்ன பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. இந்த வண்டியில் போடுவதற்கு கியர் கிடையாது.

கருகின வாசனை வந்தது. முதலில் பஸ்ஸிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு வழிவிட்டு, அது போன பிறகும் வாசனை இருந்தது. பின்னால் தெர்மாமீட்டர் கீச்சென்றது. எவ்வளவு என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். "நூத்தி ஒண்ணு. நீ ரோட்டப் பாரு" என்றார்.

இரண்டு வளைவுகள் தாண்டியதும் பிரேக் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் பிடிக்கவில்லை. இன்னும் அழுத்திய பிறகு பிடித்தது. அவளுக்கு இப்போது வலிப்பு வந்தால், ஐந்து நிமிஷம் தாண்டினால், நான் இந்த வண்டியை வேகமாகவும் ஓட்ட முடியாது, நிறுத்தவும் முடியாது. சாலை ஒரு இடத்தில் அகலமாகியது. சிறுத்தை நடமாட்டம் உள்ள பகுதி என்று பலகை வைத்திருந்தார்கள். அதன் கீழே ஒதுக்கி, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து நிறுத்தினேன்.

சக்கரங்களிலிருந்து சூடு கிளம்பியது. வாசனை தாங்காமல் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, குடை பிடித்து, நொண்டியபடி வெளியே நின்றார். என்ன ஆச்சு என்று கேட்டார். வண்டி கெட்டுப்போச்சு என்றுதான் என் வாயில் வந்தது. திரையைப் பார்த்தேன். நூறு. ஏழெட்டு வளைவுகள் இறங்கியும் நூறு.

ஒவ்வொரு வருஷமும் முதலாமாண்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். உயரத்தில் இருக்கும் பொருளுக்கு ஆற்றல் உண்டு, கீழே வந்த பிறகு அது எங்கே போயிற்று? யாராவது ஒருத்தி, போயிடுச்சு மேடம் என்பாள். போகாது, வேறு இடத்துக்கு மாறும், எந்த இடம் என்று கண்டுபிடி என்பேன். இத்தனை எடையோடு மலைமேல் இருந்து இறங்குகிறேன். அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டிய பேட்டரியில் நான் கடைசிச் சொட்டு வரை நிரப்பி வைத்திருக்கிறேன். அதில் இடம் இல்லை. மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகப் போகிறது. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. டாக்சி டிரைவர் சொன்னது அப்படியே உண்மை. அவர் சார்ஜருக்காகச் சொல்லவில்லை.

இடம் பண்ண வேண்டும். ஹீட்டரை உச்சத்தில் வைத்தேன். விளக்கு எல்லாவற்றையும் போட்டேன். பின் கண்ணாடி சூடாக்கியையும் போட்டேன். ஜுரக் குழந்தைக்கு அந்தச் சூடு ஆகாது என்று நாலு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டேன். மேலே ஒன்றரை மணி நேரம் எதைப் போட மாட்டேன் என்று அடம் பிடித்தேனோ, அந்தச் சூட்டை இப்போது காட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். அது அவருக்கும் தோன்றியிருக்கும். முன் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு காவல் ஜீப் வந்து நின்றது. இங்கே நிற்கக் கூடாது, சிறுத்தை திரிகிற நேரம், குழந்தையோடு வெளியே நிற்கிறீர்களே என்று காவலர் தெலுங்கில் சத்தம் போட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னார். எனக்குத் தெலுங்கு நன்றாக வரும். சித்தூரில் நான் பாடம் நடத்துவதில் பாதி தெலுங்குதான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை கூட வரவில்லை. பிரேக் சூடாகிவிட்டது, குழந்தைக்கு ஜுரம், பத்து நிமிஷம் வேண்டும் என்று தமிழிலேயே சொன்னேன்.

அவர் குனிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தார், உடனே எடுத்துக்கொண்டார். உள்ளே எரியும் விளக்குகளையும் திறந்த கண்ணாடிகளையும் ஹீட்டரின் இரைச்சலையும் கவனித்தார்.

"சார்ஜ் காலி பண்றீங்களா?" என்றார், தமிழில்.

"ஆமாங்க."

"எல்லாரும் மேல வந்து சார்ஜ் இல்ல, சார்ஜ் இல்லன்னு அழுவாங்க" என்றார். பிறகு கணவரைக் குழந்தையோடு உள்ளே உட்காரச் சொல்லி, ஜீப்பை எங்களுக்குப் பின்னால் கொண்டுவந்து, விளக்கை எரியவிட்டு நிறுத்திக்கொண்டார். திறந்த ஜன்னல் பக்கம் காட்டைப் பார்த்தபடி, லத்தியோடு நின்றார்.

குழந்தை கணவர் மடியில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். கண் சொருகுகிறதா என்று பின்னால் பார்த்தேன். எண் குறைகிறதா என்று முன்னால் பார்த்தேன். நூறு. நூறு. இரண்டு மாதமாக எந்த எண்ணைப் பார்த்தால் தூக்கம் வந்ததோ, அது நகராதா என்று தவித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்பது வந்தபோது அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். தொண்ணூற்றெட்டு. குழந்தையின் கை விரல் ஒரு தடவை துடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் பிடிக்கத்தான் பார்த்திருக்கிறாள்.

தொண்ணூற்றாறில் காவலர் மறுபடி சக்கரத்துக்குப் பக்கத்தில் கை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் கிளம்பினேன். ஹீட்டரை அணைக்கவில்லை. அடுத்த வளைவில் காலை எடுத்தேன். பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்துக்கொண்டதைப் போல, வண்டி மெல்லப் பின்னுக்கு இழுத்தது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது. ஒவ்வொரு வளைவாக, ஆள் நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து இறக்கினேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார்கள். ஜீப் நாலைந்து வளைவுகள் கூடவே வந்துவிட்டு, ஒரு இடத்தில் நின்றுகொண்டது.

அலிபிரியில் சீட்டை வாங்கிய ஊழியர் நேரத்தை இரண்டு தடவை பார்த்தார். முன்னால் வந்து மாட்டிக்கொள்பவர்களைத்தான் அவருக்குப் பழக்கம். வழியில் தூங்கிவிட்டீர்களா என்று தெலுங்கில் கேட்டார். திரையில் தொண்ணூற்றேழு. காலையில் இதே இடத்தில் போகும்போதும் அதுதான் இருந்தது. நேராகக் குழந்தை டாக்டரிடம் ஓட்டினேன்.

வலிப்பு வரவில்லை. டாக்டர் காதையும் தொண்டையையும் பார்த்தார். எப்போது ஜுரம் ஆரம்பித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர், "மேல, சார்ஜ் போட்டுக்கினு இருந்தப்ப" என்றார். நான் இல்லாத ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று முழுக்க அவர் என்னைக் குறை சொன்னது அவ்வளவுதான்.

குளிரில் உட்கார்த்தி வைத்ததால்தான் வந்ததா என்று நான் கேட்டேன். டாக்டர் இல்லை என்றார். இது வைரஸ், நேற்றோ முந்தாநாளோ உள்ளே போயிருக்கும், வீட்டில் போர்த்திப் படுக்க வைத்திருந்தாலும் இன்றைக்கு வந்திருக்கும் என்றார். அவர் படித்தவர். நானும் படித்தவள்தான். அதை நம்புகிறேன், பகல் நேரத்தில்.

மூன்று நாள் கழித்து ஜுரம் விட்டது. கரெண்ட் வந்துவிட்டது என்று நைனா போன் செய்தார். மொட்டைத் தலையோடும் லட்டோடும் நகரிக்குப் போனோம். நேராக வர வேண்டும் என்று சொன்ன அம்மா, தாமதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் கணவர் அவளிடம் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். குழந்தையின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

காரை மாட்டப் போனபோது கிரைண்டர் சுவிட்சின் மேல் ஒரு பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. இருட்டில் தடவினாலும் விரலுக்குத் தெரிய வேண்டும் என்று, அந்த வலிப்பு வந்த வாரமே அம்மா ஒட்டிவைத்ததாம். எங்களுக்குச் சொல்லவும் இல்லை. போனில் எண்பதில் நின்றுகொள்ளும்படி வைத்தேன். கட்டைவிரல் தானாகத் தொண்ணூறுக்கு நகர்த்தியது. கணவர் பக்கத்தில் நின்று பார்த்தார். திரும்ப எண்பதுக்குக் கொண்டுவந்தேன்.

சாப்பிட்டு முடித்துப் படுக்கும்போது, பழக்கப்படி நான்தான் சுவரைத் தடவிக்கொண்டு போனேன். கூடத்து லைட், டிவி, மோட்டார். விரலில் பொட்டு தட்டுப்பட்டது. கையை எடுத்தேன்.

"ஆச்சாமா?" என்று நைனா உள்ளிருந்து கேட்டார்.

"ஆச்சு நைனா" என்றேன்.

அதற்குப் பிறகு எழுந்து போய் அதைப் பார்க்கவே இல்லை என்று எழுத ஆசைதான். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். எண்பது வந்து, அதுவே நின்றிருந்தது.